கூச்சமுள்ள ஆற்று மீன்களைப் படமெடுக்க எந்த முக்குளிப்புக் கருவிகள் ஏற்றவை?

செந்தூல் படப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகளில் முக்குளித்துப் பவளப்பாறை மீன்களைப் படமெடுத்துப் பழகியவன் நான். அங்கே மீன்கள் நம்மை ஒரு பொருட்டாகவே கொள்வதில்லை. அண்மைக் காலமாக என் ஆர்வம் சிலாங்கூர், பகாங் மலையடிவார ஆறுகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. கெலா, தெங்காஸ், செபாராவ் ஆகிய மீன்களை அவை வாழும் மடுக்களிலேயே படமெடுக்க விரும்புகிறேன். ஆனால் கரையிலிருந்து பார்க்கும்போது கூட்டமாக நிற்கும் மீன்கள், நான் தண்ணீரில் இறங்கிய சில நொடிகளிலேயே பாறை இடுக்குகளுக்குள் மறைந்துவிடுகின்றன.

கேமராவுக்குக் குறையில்லை, ஒலிம்பஸ் டீஜி-6 வைத்திருக்கிறேன். மற்ற கருவிகளுக்காக மூவாயிரம் ரிங்கிட் ஒதுக்கியுள்ளேன். சிறிய காற்றுக்கலன் ஒன்றை, அதிலிருந்து மூச்சுக்குக் காற்றைச் சீராகத் தரும் ரெகுலேட்டருடன் வாங்கினால் மடுவின் அடியில் நீண்ட நேரம் அசையாமல் காத்திருக்கலாம் என்பது என் எண்ணம். கடைக்காரர் ஒருவர் முகம் முழுவதையும் மூடும் ஸ்நோர்கல் முகமூடியையும், மீன்களின் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லிச் சிவப்பு விளக்கு ஒன்றையும் பரிந்துரைத்தார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாலிக் பூலாவ் ஓடை எழுதியது:

தம்பி, காற்றுக்கலனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மீனின் காதைப் பற்றிச் சற்று யோசியுங்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்திலும் கெளிற்று இனங்களிலும் காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் ஒன்று உண்டு. அதை வெபர் எலும்புகள் என்பார்கள். ஒலி பட்டவுடன் காற்றுப்பை அதிர, அந்த அதிர்வை இவ்வெலும்புகள் நேராகச் செவிக்குக் கொண்டுசேர்க்கின்றன. அதனால் கடல் மீன்களுள் பலவற்றுக்கு எட்டாத, சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியும் இவற்றுக்கு நன்றாகவே கேட்கிறது. ரெகுலேட்டரில் மூச்சை இழுக்கும்போது எழும் சீறலும், விடும்போது குமிழிகள் எழுப்பும் இரைச்சலும் பவளப்பாறையில் பொறுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம். ஓர் ஆற்று மடுவில் அவை கூச்சலுக்கு நிகரானவை.

ஸ்நோர்கல் குழாயின் மேன்மை இங்கேதான் இருக்கிறது. அது மலிவானது என்பதற்காக நான் பரிந்துரைக்கவில்லை. நாம் விடும் மூச்சு நீருக்கு மேலே, காற்றிலேயே வெளியேறுகிறது. காற்றில் பிறக்கும் ஒலியில் மிகப் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுவதால் மீனை வந்தடைவது சொற்பம். கரையில் நின்று நண்பர் உங்களோடு பேசினால்கூடக் கேடில்லை. ஆனால் அதே நண்பர் கற்களின்மேல் தடதடவென்று நடந்தால் அந்த அதிர்வு தரை வழியாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

குழாயிலும் எளியதையே தேர்ந்தெடுங்கள். நீர் புகாமல் தடுக்கும் மிதவை மூடி மேலே உள்ள குழாய்கள் அலையில் ஆடும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒலிக்கும். அடியில் வடிகால் வால்வு உள்ளவற்றில் அந்த வால்வின் படபடப்பும், அதன் வழியே நீருக்குள் சிந்தும் குமிழிகளும் தொல்லை தரும். வால்வு ஏதுமில்லாத, ஆங்கில ‘ஜே’ எழுத்தைப் போல வளைந்த பழங்காலக் குழாயே போதும். முகம் முழுவதையும் மூடும் முகமூடியில் நம் மூச்சுக்காற்று தங்குவதற்கான இடம் அதிகம். காற்று சரியாகச் சுழலாத மலிவான வகைகளில் கரியமில வாயு தேங்கும் அபாயம் உண்டு. அதை அணிந்துகொண்டு காதின் அழுத்தத்தைச் சமன்செய்து இரண்டு மீட்டர் இறங்குவதும் கடினம். நான் அதை வாங்க மாட்டேன்.

கெடா நெடுஞ்சாலை எழுதியது:

அக்கா கூறுவது இடுப்பளவு ஓடைகளுக்குப் பொருந்தும். ஆயினும் எல்லா நன்னீரும் ஓடையல்ல. நான் பட்டர்வொர்த்தில் வசித்தாலும் ஆண்டுதோறும் கென்யிர் ஏரிக்குப் போய்வருபவன். 1985-இல் முடிக்கப்பட்ட அணையால் உருவான அந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கிய காட்டின் மரங்கள் இன்னும் நிற்கின்றன. தோமான் மீன்கள் அந்தக் கிளைகளுக்கிடையே நிழலில் தங்குகின்றன. ஆறேழு மீட்டர் ஆழத்தில் மூச்சடக்கி எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? அங்கே காற்றுக்கலன் இல்லாமல் ஒன்றும் ஆகாது. தோமானுக்கு நீங்கள் சொல்லும் வெபர் எலும்புகளும் கிடையாது. அது விரால் இனம். விட்ட மூச்சையே சுத்திகரித்து மீண்டும் சுவாசிக்கத் தரும், குமிழியே விடாத ரீபிரீதர் கருவியைப் பற்றி யாரும் பேசவில்லையே, ஏன்?

பாலிக் பூலாவ் ஓடை எழுதியது:

தோமானுக்கு வெபர் எலும்புகள் இல்லை என்பது சரியே. காற்றைச் சுவாசிக்க அதன் தலையில் உள்ள காற்றறை உட்செவிக்கு அருகிலேயே அமைந்திருப்பதால் அதன் கேள்வித்திறனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பது மட்டுமே என் கருத்து. கென்யிரில் காற்றுக்கலன் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழையைத் தொடங்கியவர் கேட்டது மலையடிவார மடுக்களைப் பற்றி. அங்கே ஆழம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர். அந்த ஆழத்தில் காற்றுக்கலனின் குமிழிகள் ஒலியோடு நிற்காமல் மேலே வந்து உடைந்து நீர்ப்பரப்பைக் குலைத்து, மடு முழுவதும் ஒளியையே ஆட்டிவிடும். மீன்கொத்திக்கும் நீர்நாய்க்கும் பயந்து வாழும் மீனுக்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

ரீபிரீதர் உண்மையிலேயே அமைதியான கருவி. ஆனால் அதன் விலைக்குப் பழைய மைவி கார் ஒன்றை வாங்கிவிடலாம். தனிப் பயிற்சி வேண்டும். கரியமில வாயுவை உறிஞ்சும் வேதிப்பொருளை முறையாக நிரப்ப வேண்டும். பிராணவாயுவின் அளவைக் காட்டும் உணரிகளை இடைவிடாமல் கவனிக்க வேண்டும். கவனம் தவறினால் முன்னறிவிப்பே இல்லாமல் நினைவிழக்க நேரிடும். படமெடுப்பதில் மனம் ஒன்றிப்போனவருக்கு, அதுவும் பயிற்சித் துணை இல்லாத காட்டாற்றில், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூவாயிரம் ரிங்கிட்டுக்கு அது கிட்டவும் வராது என்பது தனிக்கதை.

தோமானைப் பற்றி ஒரு சொல். செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே வரும்போது தாய் தந்தையர் அருகிலேயே காவல் இருக்கும். அவை நம்மைத் தாக்கவும் வரும் என்பதால் அப்போது படமெடுப்பது எளிது என்று சிலர் எண்ணுகிறார்கள். பெற்றோரை நாம் அங்கிருந்து இழுத்துச் சென்றால் அந்த நேரத்தில் குஞ்சுகளைத் தின்ன மற்ற மீன்கள் காத்திருக்கின்றன. தயவுசெய்து விலகியே இருங்கள்.

செந்தூல் படப்பெட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. காற்றுக்கலன் எண்ணத்தைக் கைவிடுகிறேன். அப்படியானால் உடைக்கு வருகிறேன். நம் ஊர் ஆறுகளுக்கு நீச்சல் சட்டையும் அரைக்கால் சட்டையும் போதாதா? இங்கே யார் குளிரில் நடுங்குகிறார்கள்? நிறத்தையும் சொல்லுங்கள், ஈட்டி கொண்டு மீன்பிடிப்பவர்கள் அணியும், காட்டு இலை போன்ற வண்ணத்திட்டு உடைகள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

உலு கோம்பாக் வாசி எழுதியது:

நான் பெரும்பாலும் படித்துவிட்டு நகர்பவன். இந்தக் கேள்விக்காகவே உள்நுழைந்தேன்.

நடுங்குவீர்கள். மலையோடைகளில் நீர் 24 பாகை அளவில் இருக்கும். நீந்திக்கொண்டே இருப்பவருக்கு அது இதம், அசையாமல் கிடப்பவருக்கு அது குளிர். நீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திவிடுகிறது. அரைமணி நேரம் கழித்துத் தாடை நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் கைக்கு வரும். கையிலிருந்து கேமராவுக்கு வரும். அதைவிட முக்கியமாக, குளிர்ந்தவர் தம்மை அறியாமலே காலை மாற்றி வைப்பார், உடலைப் புரட்டுவார். மீன்களின் உடலில் பக்கக்கோடு என்னும் உணர் உறுப்பு அருகிலுள்ள நீரின் சிறு அசைவையும் அறியக்கூடியது. ஆகவே 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, ரப்பர் போன்ற ஈர உடையை (வெட்சூட்) நான் குளிர்காப்பு உடையாகப் பார்ப்பதில்லை. அசையாமல் கிடப்பதற்கான கருவியாகவே பார்க்கிறேன். உங்கள் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகட்டும். முட்டியிலும் முழங்கையிலும் தடித்த திட்டு வைத்துத் தைத்த உடையாகப் பாருங்கள், ஏனெனில் நீங்கள் நீந்தப் போவதில்லை, கூழாங்கல்லின்மேல் தவழப் போகிறீர்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை மங்கலாக இருந்தால் போதும்: கரும்பச்சை, பழுப்பு, கறுப்பு எதுவும் ஏற்றதே. வண்ணத்திட்டு உடையால் உருவத்தின் விளிம்பு சற்று உடைந்து தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மீன்பிடிக்கத் தடையுள்ள சரணாலயத்துக்கு ஈட்டிக்காரர் உடையில் போனால் காவலர்கள் உங்களிடம் நிறையக் கேள்விகள் கேட்பார்கள், அதில் தவறுமில்லை. உடையைவிடக் கண்ணில் உறுத்துவது நம் வெறுங்கைகள். கேமராவைத் திருப்பும் கைகளே எப்போதும் அசைகின்றன. மெல்லிய கறுப்புக் கையுறை அணியுங்கள். முகக்கண்ணாடியின் ஓரம் கறுப்புச் சிலிக்கானாக இருக்கட்டும். ஒளி ஊடுருவும் வெள்ளை ஓரம் பக்கவாட்டு ஒளியை உள்ளே விட்டு உங்கள் பார்வையையும் கெடுக்கும். பளபளக்கும் உலோகக் கொக்கிகளைக் கறுப்பு நாடாவால் சுற்றிவிடுங்கள்.

இன்னொன்று. நீரின் அடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. அதற்கு அப்பால் நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடியையே பிரதிபலிக்கிறது. தொலைவில் தாழ்ந்து இருப்பவர் அந்தச் சாளரத்தின் விளிம்பில் மெல்லிய கீற்றாக நசுங்கிப் போகிறார். மடுவின் ஓரத்தில் எழுந்து நிற்பவரோ அதன் நடுவே வந்து நிற்கிறார். இருபது மீட்டருக்குக் கீழேயே நீரில் படுத்துவிட்டு அங்கிருந்து தவழ்ந்து வாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை, ஆனால் எந்த உடையும் தராத பலன் இதில் உண்டு.

கெடா நெடுஞ்சாலை எழுதியது:

“கீழேயே” என்றால் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து என்று கொள்ளலாமா? மேலிருந்து மிதந்து இறங்குவது எளிதல்லவா?

உலு கோம்பாக் வாசி எழுதியது:

ஆம், கீழ்ப்பக்கத்திலிருந்துதான். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்பவை. பின்னாலிருந்து வருபவரை அவை தாமதமாகவே காண்கின்றன. நாம் கிளப்பும் சேறும் நமக்குப் பின்னால் போய்விடும். ஒரு விதிவிலக்கு உண்டு. சிறு கெண்டைகளைப் படமெடுக்க விரும்பினால் ஓரிடத்தில் படுத்துக் கூழாங்கற்களை விரலால் மெல்லக் கிளறிவிட்டுக் காத்திருங்கள். கிளம்பும் பூச்சிப் புழுக்களைத் தின்ன அவை உங்கள் கால்மாட்டுக்கே வரும். அப்போது படங்கள் சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும்.

பாலிக் பூலாவ் ஓடை எழுதியது:

மிதந்து எழாமல் இருக்க இடுப்பில் ஈயம் கோத்துக் கட்டும் எடைக்கச்சையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. என் பார்வையில் பலர் கோட்டைவிடும் இடம் அதுதான். நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை விழுக்காடு அளவுக்கு அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே உடைக்குக் கடலில் அணிந்த ஈயத்தைவிட ஏறத்தாழ இரண்டு கிலோ குறைவாக அணிந்தாலே நன்னீரில் மிதப்பு சமநிலைக்கு வரும். இது நீந்துபவருக்கான கணக்கு. ஆற்றின் அடியில் படுப்பவருக்கு நேர்மாறு: ஓட்டம் இழுத்துச் செல்லாதபடி கூடுதல் எடை வேண்டும். முட்டியளவு, தொடையளவு நீரில் மட்டும் நான் அப்படி அணிகிறேன். தலைக்கு மேல் நீருள்ள மடுவில் கூடுதல் எடையோடு ஒருபோதும் இறங்கக் கூடாது. எங்கிருந்தாலும் ஒரு கையால் ஓரிழுப்பில் அவிழும் கொக்கி இருந்தே ஆக வேண்டும்.

வெறும் ஈயக்கட்டிகள் பாறையில் உரசினால் எழும் ‘ணங்’ ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் பரவுகிறது. துணிப்பைக்குள் ஈயக்குண்டுகளை நிரப்பிய மென்மையான எடைகள் கிடைக்கின்றன. அவற்றையே வாங்குங்கள், உடலோடு வளைந்து கிடக்கும், சத்தமும் எழுப்பாது.

துடுப்புக் காலணி ஆழமற்ற ஓடைக்கு வேண்டவே வேண்டாம். மென்மையான அடியுள்ள நியோபிரீன் ரப்பர் காலணி போதும். ஆழ மடுக்களுக்குக் குட்டையான, வளையும் ரப்பர் துடுப்பு ஒன்று இருக்கட்டும். மூச்சடக்கி முக்குளிப்பவர்களின் நீண்ட துடுப்பு பாறையில் இடிபடும். மூச்சடக்கி இறங்குவதானால் தனியே இறங்காதீர்கள். முன்னதாக வேகமாக மூச்சு வாங்கி விடுவதும் வேண்டாம். அது கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சுக்கான தவிப்பையே மழுங்கடித்து, ஒன்றரை மீட்டர் நீரிலும் மயங்க வைக்கும்.

செந்தூல் படப்பெட்டி எழுதியது:

மிகவும் பயனுள்ள தகவல்கள். சிவப்பு விளக்கைப் பற்றி யாராவது சொல்வீர்களா? தியோமானில் இரவு முக்குளிப்பின்போது அது நன்றாகவே வேலை செய்தது.

உலு கோம்பாக் வாசி எழுதியது:

தியோமானில் வேலை செய்தது, ஏனெனில் கடல்நீரில் சிவப்பு ஒளி சில மீட்டர்களிலேயே மறைந்துவிடுகிறது. அங்கு வாழும் மீன்களுள் பலவற்றின் கண்கள் நீலம், பச்சைக்கே கூர்மையானவை. ஆற்று நீரில் இலைச்சாறும் மண்ணும் கலந்திருப்பதால் நீல ஒளி முதலில் உறிஞ்சப்படுகிறது. எஞ்சுவது பச்சையும் மஞ்சளும் சிவப்பும். நன்னீர் மீன்கள் பலவற்றின் பார்வை நிறமிகள் இதற்கேற்பச் சிவப்புப் பக்கம் நகர்ந்தவை. நன்கு ஆராயப்பட்ட கெண்டை உறவான தங்கமீனின் சிவப்பு உணர் செல்கள் 620 நானோமீட்டர் அளவில் உச்ச உணர்திறன் கொண்டவை. கெலாவின் முன் சிவப்பு விளக்கை ஏற்றினால் அது மறைவான விளக்காக இராது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

வெள்ளைப் பிளாஷும் வேண்டாம். மிதக்கும் துகள்கள் அனைத்தும் படத்தில் வெண்புள்ளிகளாகும். காலை பத்து மணிக்கு மேல் சூரியன் உயர்ந்து மரக்கிளைகளின் இடைவெளியில் ஒளி மடுவுக்குள் இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள். உங்கள் கேமராவில் குவியத்துக்கு உதவும் சிறு விளக்கையும் பீப் ஒலியையும் அணைத்துவிடுங்கள். தட்டைக் கண்ணாடி வழியே நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதாவது உங்கள் அகலக்கோணம் குறுகிவிடும். கூச்சமுள்ள மீனுக்கு இது ஓரளவு நன்மையே.

கெடா நெடுஞ்சாலை எழுதியது:

மனிதர் இறங்காமலே எடுக்கும் வழியும் இருக்கிறது. கோப்ரோ போன்ற சிறு கேமராவை, பளபளப்பில்லாத உறையோடு, கனமான தட்டைக் கல்லில் கட்டி மடுவில் வைத்துவிட்டுக் கரையேறிவிடுங்கள். காணொளி ஓடிக்கொண்டே இருக்கட்டும். மீன்கள் திரும்பி வந்து அதை முகர்ந்து பார்ப்பதுகூட உண்டு. அத்தகைய கேமராக்கள் மிக அருகில் குவியம் பெறா என்பதால் மீன் வரும் வழிக்கு இரண்டடி தள்ளி வையுங்கள்.

பாலிக் பூலாவ் ஓடை எழுதியது:

அது நல்ல வழி. முதலில் அப்படி ஒரு காணொளி எடுத்து, எந்த மீன் எந்தப் பாறையைச் சுற்றி வருகிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு அங்கே படுத்துக் காத்திருக்கலாம். இரை போட்டு வரவழைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தூண்டில்காரர்கள் மீன் பிடித்த மடுவையும் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். அடிபட்ட கெண்டை மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் அதன் இனத்தாரை அஞ்சி ஒளியச் செய்கிறது. கார்ல் வான் ஃபிரிஷ் 1938-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. எவ்வளவு விலையுயர்ந்த உடையும் அந்த நாளில் உதவாது.

உலு கோம்பாக் வாசி எழுதியது:

கோலாலம்பூரிலிருந்து தொடங்குவதற்குக் கோலா குபு பாருவை அடுத்த சுங்கை சிலிங் மீன் சரணாலயத்தைச் சொல்வார்கள். அங்கே கெலா மீன்கள் பிடிக்கப்படுவதில்லை என்பதால் மனிதரிடம் பழகிவிட்டன. சாதாரண நீச்சல் கண்ணாடியோடு போனாலும் படம் கிடைக்கும். குவியமும் வெளிச்சமும் பழக அது ஏற்ற இடம். கருவிகள் மீனை அச்சுறுத்துகின்றனவா என்று சோதிக்க ஏற்ற இடமன்று. அங்கே வெற்றி பெற்ற உடை, தூண்டில் விழும் வேறோர் ஆற்றில் தோற்றுப்போகலாம். திறந்திருக்கும் நாள்களையும் அனுமதியையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆற்றைப் பலமுறை குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

தலையை நீருக்குள் வைத்திருப்பவருக்குக் கெப்பாலா ஆயர் என்னும் திடீர் வெள்ளம் வருவது தெரியாது. மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் சுவராக இறங்கும். கரையில் ஒருவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீர் பழுப்பானாலோ இலைச்சருகுகள் திடீரெனக் கூடினாலோ அவர் உங்கள் காலைத் தட்ட வேண்டும். எடைக்கச்சையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறுங்கள். காயத்தோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி நம் ஆறுகளில் உண்டு. போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் ஆற்றில் கிடந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

செந்தூல் படப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முட்டித்திட்டு வைத்த 3 மில்லிமீட்டர் உடை, கறுப்பு ஓர முகக்கண்ணாடி, வால்வில்லாத குழாய், கையுறை, மென்மையான எடைகள், நியோபிரீன் காலணி என்று முடிவு செய்துள்ளேன். காற்றுக்கலனும் விளக்கும் இல்லை. மீதமாகும் பணத்தில் பழைய கோப்ரோ ஒன்றைத் தேடுகிறேன். கரையில் காவல் இருக்கத் தங்கை மகன் ஒப்புக்கொண்டான். உடையில் மட்டும் ஒரு ஐயம்: முன்பக்கம் ஜிப் வைத்ததும் உண்டு, முதுகில் ஜிப் வைத்ததும் உண்டு. எதை வாங்கலாம்?

பாலிக் பூலாவ் ஓடை எழுதியது:

முதுகு ஜிப். குப்புறப் படுக்கும்போது முன் ஜிப் நெஞ்செலும்பில் அழுத்தும், கல்லிலும் உரசும். எடைப்பைகளையும் வயிற்றுப் பக்கம் விடாமல் இடுப்பின் பின்புறமாகத் தள்ளிக் கட்டுங்கள். கொக்கி மட்டும் முன்னால், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். உடையின் உட்புறமும் துணி ஒட்டியதாகவே பாருங்கள். துணி ஒட்டாத வகை உடலோடு நன்றாகப் பொருந்தினாலும், ஆற்றங்கரைப் பாறையில் ஈரத்தோடு இழுத்துக் கழற்றும்போது எளிதில் கிழிந்துவிடுகிறது.